கடலோர ஊராட்சியில் குப்பை சேகரிப்பை மேற்பார்ப்பது எப்படி?

தங்கச்சி, உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்தபடி முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் விளங்கும். மண்டபம் பக்கம் ஒரு கடலோர ஊராட்சி. ஊருக்கென்று ஒரு இறங்குதளம், விசைப்படகு கொஞ்சம், நாட்டுப்படகு நிறைய. மகளிர் குழுவில் இருந்த உங்களிடம் மூன்று மாதம் முன்பு குப்பை சேகரிப்பை மேற்பார்க்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். தூய்மைக் காவலர்கள் 9 பேர், பேட்டரி வண்டி 2, பிரிப்பதற்கு ஒரு தகரக் கொட்டகை. கொட்டகையில் மூட்டை ஏறிக்கொண்டே போகிறது, காயலான் கடைக்காரர் பாதிக்கு மேல் வேண்டாம் என்கிறார், கடற்கரையைக் கூட்டினால் மறுநாளே பழையபடி கிடக்கிறது, ஆட்கள் எல்லோரும் உங்களைவிட மூத்தவர்கள். "நான் எதைத்தான் மேற்பார்க்கணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே கரையில் 14 வருடம் இந்த வேலை பார்த்தவள் நான். என் பதில், நேரத்தைப் பாருங்கள் என்பதுதான். ஒரு பொருள் மணலில் விழுவதற்கு முன்னால் உங்கள் சாக்குக்கு வந்ததா, விழுந்த பிறகு வந்ததா, இதை வைத்துத்தான் நம் ஊரில் அது சரக்கா குப்பையா என்பது முடிவாகிறது. கொட்டகையில் உட்கார்ந்து பிரிக்கிற வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தாலும், உள்ளே வருகிற மூட்டையே கெட்டுப்போய் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பரமக்குடியிலோ முதுகுளத்தூரிலோ தெருவில் கிடக்கிற தண்ணீர் பாட்டில் ஒரு வாரம் கழித்து எடுத்தாலும் விலை போகும். நம் கரையில் அதே பாட்டிலுக்குள் மணல் ஏறிவிடும், உப்புத் தண்ணீர் புகுந்துவிடும், கொஞ்ச நாள் கடலில் மிதந்ததென்றால் கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டி வளர்கிற ஓட்டு உயிர்) ஒட்டிக்கொண்டு வரும். வெயில் இன்னும் மோசம். நிறம் வெளுத்த பக்கெட், மஞ்சளாகிப்போன கயிறு இதையெல்லாம் கையில் எடுத்து முறித்துப் பாருங்கள், பொரித்த அப்பளம் மாதிரி உடையும். அந்தப் பிளாஸ்டிக்கை உருக்கினாலும் பிடிமானம் இருக்காது, அதனால் எந்த ஆலையும் காசு கொடுத்து வாங்காது. மணல் இருந்தால் அரைக்கும் எந்திரத்தின் கத்தி தேயும். கடைக்காரர் "இது வேண்டாம்மா" என்று ஒதுக்கினால் அதற்குப் பின்னால் உண்மையான காரணம் இருக்கிறது, அவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஒருமுறை கடற்கரையில் பொறுக்கிய கயிற்று மூட்டை ஒன்றை எடை போட்டு வைத்துவிட்டு, வெயிலில் காயவிட்டு, நாலு பேர் பிடித்து உதறி மறுபடி எடை போட்டோம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மணலும் ஈரமும்தான். அதுவரைக்கும் கடைக்காரர் எங்களை ஏமாற்றுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, மணலுக்கு முன்னால் எங்கே போய்ப் பிடிப்பது? முதல் இடம் இறங்குதளம். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை சேருகிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியற்காலையில் படகில் இருந்து தண்ணீர் பாட்டில், பரோட்டா பார்சல், பிஸ்கட் கவர், ஆயில் கேன், அறுந்த கயிறு, கிழிந்த மடித் துண்டு (மடி என்றால் இழுவலையின் பை) எல்லாம் ஒரே நேரத்தில் கரைக்கு வருகிறது, அல்லது கரைக்கு வராமல் வழியிலேயே தண்ணீருக்குள் போகிறது. உங்கள் ஆட்களோ அந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள், வருகைப் பதிவு அதற்குப் பிறகுதான். 9 பேரில் 2 பேருக்கு மட்டும் அந்த மூன்று நாளும் 5 மணிக்கு வேலை தொடங்கி 11 மணிக்கு முடிகிற மாதிரி நேரத்தை மாற்றிக்கொடுங்கள். கூடுதல் வேலை இல்லை, அதே மணிக்கணக்கு. ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் பிறகு யாராவது "காலையில் ஆள் இல்லை" என்று எழுதிப்போடுவார்கள்.

படகுக்கு ஒரு சாக்கு கொடுங்கள். கோணிச் சாக்கு வேண்டாம், பாலித்தீன் சாக்கும் வேண்டாம். கிழிந்த இழுவலையையே இரண்டு முழத்துக்கு வெட்டி, வாய்க்குக் கயிறு கோத்துச் சாக்காக்கிக் கொடுத்தால் தண்ணீர் வடிந்துவிடும், காற்றில் பறக்காது, நாறாது. வலை பின்னுகிற பெரியவர்களிடம் கேட்டால் பேசிக்கொண்டே பத்து நிமிடத்தில் ஒன்று பின்னிக் கொடுத்துவிடுவார்கள். எஞ்சின் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் மாட்டச் சொல்லுங்கள். அந்தச் சாக்கில் படகு நம்பர் எழுதாதீர்கள். நான் கணக்குக்கு வசதியாக இருக்கட்டும் என்று எழுதினேன், அபராதம் போடத்தான் நம்பர் எழுதுகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பி இரண்டு வாரத்துக்கு ஒரு சாக்கும் திரும்பி வரவில்லை. படகு டிரைவரிடம் பேசுவதைவிட, ஐஸ் ஏற்றுகிற பையன்களிடமும் சமையல் பார்க்கிறவரிடமும் பேசுங்கள். படகில் குப்பை அவர்கள் கையில்தான் இருக்கிறது.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினாலோ ஸ்டிரைக் என்றாலோ இந்தக் கிழமைக் கணக்கு மாறிப்போகும். அதனால் முந்தின நாள் மீன்வளத் துறையில் கடலுக்குப் போக டோக்கன் கொடுத்தார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இடம் வலை பின்னுகிற கொட்டகை, மர நிழல். வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், வலையைப் பிரித்துப் பழசை வெட்டி எறிந்து புதுசு சேர்ப்பார்கள். மற்ற பத்து மாதத்தில் கிடைக்காத அளவு நல்ல வலை, நல்ல கயிறு இந்த இரண்டு மாதத்தில் கிடைக்கும், அதுவும் காய்ந்த, மணல் இல்லாத சரக்கு. பெரும்பாலும் அன்று சாயங்காலமே அதைக் குவித்துக் கொளுத்திவிடுவார்கள், அல்லது கரையோரம் தள்ளிவிடுவார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு நிழலுக்கும் மூன்று சாக்கு வைத்துவிடுங்கள். மூன்று எதற்கு என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் இதில்தான் இருக்கிறது.

வலை என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரே பொருள் இல்லை. தங்கூசி வலையும் (கண்ணாடி மாதிரி ஒற்றை இழை) சன்ன நூல் வலையும் நைலான். இழுவலை மடியும் பச்சை, நீலக் கயிறுகளும் பெரும்பாலும் பாலித்தீன் வகை. இரண்டையும் சேர்த்து உருக்க முடியாது. கலந்து கொடுத்தால் இரண்டில் மலிவான விலைக்கும் கீழேதான் கேட்பார்கள். பார்த்ததும் சொல்ல முடியவில்லை என்றால் ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். ஒரு துண்டு வெட்டி, காற்றுக்குமிழ் போகக் கையால் அமுக்கித் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் பாலித்தீன் வகை, மூழ்கினால் நைலான். சிலர் நெருப்பு வைத்து மணம் பிடிப்பார்கள், உங்கள் ஆட்களை அப்படிச் செய்ய விடாதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. மூன்றாவது சாக்கு மிதவைக் கட்டை, ஈயக்குண்டு, சிக்கல் விழுந்த கலப்படம் இவற்றுக்கு. ஈயக்குண்டை வலைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் மறுபடி கோத்துக்கொள்வார்கள். ஈயத்தைக் கொட்டகையில் உருக்கவே கூடாது. அதைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காரவும் கூடாது, குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. உடம்பில் சேர்ந்துகொண்டே போகிற விஷம் அது, உடனே தெரியாது.

இந்த மிதக்கிற, மூழ்குகிற கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, எனக்குப் பல நாள் தூக்கம் கெடுத்த விஷயம். கரையில் நாம் பொறுக்குவது என்ன? கயிறு, தெர்மகோல், செருப்பு, மூடி போட்ட பாட்டில். எல்லாமே மிதக்கிறவை. நைலான் வலை மிதக்காது, கடலுக்குள் அறுத்துவிட்டால் அடியில்தான் கிடக்கும், பவளப்பாறையில் மாட்டிக்கொண்டு அங்கேயே நண்டையும் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி இருக்கிற பாறைகளுக்கும், கடற்பசு மேய்கிற கடற்புல் தரைக்கும் நம் ஊர் வலைதான் போய்ச் சேருகிறது. கடற்கரையை எத்தனை முறை கூட்டினாலும் அந்த நைலான் உங்கள் சாக்குக்கு வராது. இறங்குதளத்திலும் வலை நிழலிலும் வாங்கினால்தான் உண்டு. பாறையில் மாட்டிய வலையை நீங்களோ உங்கள் ஆட்களோ இழுத்து எடுக்கப் போகாதீர்கள், பாறையே பெயர்ந்து வரும், தீவுகளுக்குள் அனுமதி இல்லாமல் போகவும் கூடாது. எங்கே கிடக்கிறது என்று மீனவர்களிடம் கேட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கடல்பாசி வளர்க்கிற பெண்களை விட்டுவிடாதீர்கள். அவர்களிடம் இருந்து வருவது மூங்கில் மிதவை, கயிறு, பாசியைக் கட்டுகிற சின்னச் சின்ன நூல் துண்டு. கப்பா பாசி ஏறக்குறைய 45 நாளுக்கு ஒருமுறை அறுவடை ஆகிறது, அப்போதுதான் பழைய கயிறை மாற்றுவார்கள். உங்கள் ஊரில் எந்தெந்தக் குழு எந்தத் தேதியில் அறுக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால், அன்றைக்கு ஒரு ஆள் போய் நின்றால் போதும். ஒரு வாரம் தள்ளிப் போனால் அந்த நூல் துண்டு எல்லாம் மணலுக்குள் போய்விடும், ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க முடியாது.

மூன்றாவது இடம் வீடு. வீடு வீடாகப் போகிறது ஏற்கனவே நடக்கிறது என்றீர்கள், ஆனால் மீனவர் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, பையைத் தெருமுனையில் வைத்துவிட்டுப் போகிறார்கள், நாயும் காக்காயும் இழுத்துப்போடுகிறது என்றும் சொன்னீர்கள். வண்டி 7 மணிக்கு அந்தத் தெருவுக்குப் போகிறது, அதுதான் காரணம். 7 மணிக்கு அந்தப் பெண்கள் ஏலத்தில் நிற்பார்கள், இல்லையென்றால் கூடையோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குத் திரும்பி, குடிதண்ணீர் வண்டி வந்து குடம் பிடிக்கிற நேரம் எதுவோ அதுதான் உங்கள் வண்டிக்கும் நேரம். பள்ளிக்கூட வாத்தியார், அலுவலகம் போகிறவர்கள் இருக்கிற தெருவுக்கு 7 மணி சரி. தெருவுக்குத் தெரு நேரம் வேறாக இருக்கட்டும். இதை ஒரு வாரம் வண்டியோடு நடந்து பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், பஞ்சாயத்து ஆபீஸில் உட்கார்ந்து போட்ட அட்டவணை நம் ஊரில் ஒருநாளும் ஓடியதில்லை.

2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே வீட்டில் மூன்றாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று இருந்தது: மக்குவது, மக்காதது, பேட்டரி பல்பு மருந்து மாதிரி ஆபத்தானது. நாப்கின், டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். முதல் மாதம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள், மீன் கழிவு மட்டும் தனியாக ஒரு டப்பாவில் கொடுங்கள் என்று. மீன் செதிலும் குடலும் கலக்காத குப்பை என்றால் மற்றதெல்லாம் தானாகவே பாதிக்குப் பாதி பிரிக்கக்கூடிய நிலைக்கு வந்துவிடும், காவலர்களும் மூக்கைப் பிடிக்காமல் வேலை செய்யலாம்.

அந்த மீன் கழிவை என்ன செய்வது? உரக்குழிக்குத்தான். நேராகக் கொட்டினால் ஊரே திட்டும். ஒரு பங்கு மீன் கழிவுக்கு மூன்று பங்கு காய்ந்த சரக்கு வேண்டும், நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை, நறுக்கிய பனையோலை, வேப்பஞ்சருகு, தென்னைநார்த் தூள் எல்லாம் ஆகும். கருவேலங் கரித்தூள் கிடைத்தால் மேலே ஒரு கை தூவுங்கள், வாடை அடங்கும். மேலே மண் மூடி, பழைய வலையை இழுத்துக் கட்டிவிட்டால் நாய் தோண்டாது. கடல் தண்ணீர் பட்ட ஓலை, சாக்கடை மண் உள்ளே போகக் கூடாது, உப்பு ஏறிய உரத்தை எந்தத் தோட்டக்காரரும் இரண்டாவது முறை வாங்க மாட்டார்.

இப்போது கடற்கரைக்கு வருகிறேன். கூட்டினால் மறுநாள் பழையபடி ஆகிறது என்றால், தவறான பக்கத்தைத் தவறான மாதத்தில் கூட்டுகிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் ஊர் வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம். வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில், ஐப்பசி தொடங்கித் தை வரை, வடகடல் தான் கொந்தளிக்கும், ஊர்க் குப்பை, அக்கரைக் குப்பை எல்லாம் வந்து ஒதுங்கும், சிங்கள எழுத்துப் போட்ட பாட்டிலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கச்சான் (தென்மேற்குக்) காற்று காலத்தில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாக் கரைக்கு அந்தப் பாடு. மீனவர்கள் காற்றைப் பார்த்து இந்தக் கடலை விட்டு அந்தக் கடலுக்கு மாறுகிற மாதிரி உங்கள் ஆட்களையும் மாற்றுங்கள். வாடைக் காலத்தில் வாரம் இரண்டு நாள் கடற்கரை, கச்சான் காலத்தில் மாதம் இரண்டு நாள் போதும், மிச்ச ஆட்களை இறங்குதளத்துக்கும் வீடுகளுக்கும் விடுங்கள். ஒதுங்கிய பொருளை அடுத்த பெரிய அலை இழுப்பதற்கு முன்னால், ஈரம் வடிந்த பிற்பகலில் எடுத்தால் எடையும் குறையும்.

எடுக்கும்போது எதை எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். கரையில் குவிந்து கிடக்கும் கடற்புல்லைக் குப்பை என்று வாரிக்கொண்டு வருகிற பழக்கம் பல ஊரில் இருக்கிறது. அது குப்பை இல்லை, மணலைப் பிடித்து நிறுத்துகிற பொருள், பூச்சிக்கும் பறவைக்கும் இரை. அதை வாரினால் கூடவே கூடை கூடையாக மணலும் வரும். பவளக்கல்லை எடுத்து வைத்துக்கொள்வது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், உயிருள்ளதோ செத்ததோ. கடல் அட்டையும் அப்படியே. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும், மணலில் டிராக்டர் சக்கரம் மாதிரித் தடம் தெரியும். அந்த இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டுவிட்டு வனத்துறைக்குப் போன் பண்ணுங்கள், அந்த மாதங்களில் கடற்கரைக்கு எந்திரம் ஏதும் இறக்க வேண்டாம், கையால் பொறுக்குவதே போதும்.

கொட்டகையில் குவிந்து கிடக்கிறதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு எல்லா மூட்டையையும் வெளியே எடுத்துக் கொட்டி மூன்றாக்குங்கள்: விற்பது, சிமெண்டு ஆலைக்குப் போவது, எங்கேயும் போகாதது. விற்பதற்கு ஒவ்வொரு வகையிலும் ஒரு மாதிரியைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள், பெட் பாட்டில், மூடி, பால் கவர், கெட்டிப் பிளாஸ்டிக், நைலான், கயிறு, அட்டை, தகரம், அலுமினியம். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமாருக்குப் பெயர்ப்பலகையைவிட இதுதான் கை கொடுக்கும். சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட் மாதிரி பல அடுக்கு ஒட்டிய கவரை யாரும் உருக்கி மறுபடி செய்ய முடியாது. அரியலூர், விருதுநகர் பக்கத்துச் சிமெண்டு ஆலைகள் நிலக்கரியோடு சேர்த்து எரிபொருளாக அதைப் போடுகிறார்கள், சூளைக்குள் 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம். ஆனால் அவர்களுக்குக் குளோரின் ஆகாது, சூளையின் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். பி.வி.சி. பைப், பிளெக்ஸ் பேனர், அப்புறம் கடல் உப்பு ஏறிய கவர் இவையெல்லாம் அந்த மூட்டையில் இருந்தால் லாரியையே திருப்பி அனுப்புவார்கள். பிளெக்ஸை வெட்டாமல் பிரிக்கிற தரைக்கு விரிப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். தெர்மகோல் பெட்டி முழுதாக இருந்தால் மீன் வியாபாரிகளே எடுத்துக்கொள்வார்கள். உடைந்தது சாக்குக்குள் போய் வாய் கட்டப்படவேண்டும், ஒரு காற்று அடித்தால் ஊர் முழுக்க உதிரும்.

எங்கேயும் போகாதது என்று ஒரு குவியல் கட்டாயம் மிஞ்சும், வெளுத்து முறிகிற பிளாஸ்டிக், செருப்பு, தார் ஒட்டிய துணி. அதை எரிக்கச் சொல்லி மேலே இருந்தே யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பதற்கு விதி இடம் கொடுக்கவில்லை. அதைவிட, நம் ஊரில் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓலை வீடும் டீசல் கேனும் படகும் இருக்கிறது, காற்று ஒருநாளும் நிற்பதில்லை. எடை போட்டு எழுதி, ஒன்றியத்துக்கு மாதாமாதம் கடிதம் கொடுங்கள், கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் விஷயம். கொட்டகையில் உங்களுக்கென்று ஒரு தராசு வேண்டும், அதற்கு வருடாந்திர முத்திரை இருக்கவேண்டும், தொழிலாளர் துறையில் போட்டுத் தருவார்கள். மூட்டை கட்டும்போதே வகையும் எடையும் எழுதிச் சீட்டு கட்டிவிடுங்கள். மொத்தமாக "இவ்வளவுக்கு எடுத்துக்கிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வகைக்கு ஒரு விலை கேளுங்கள். அவர் ஈரத்துக்குக் கழிவு பிடிப்பார், பிடிக்கட்டும், ஆனால் ஒரு மூட்டையை அவர் கண் முன்னால் உதறி எடை போட்டு, அந்த விகிதத்தையே மற்ற மூட்டைக்கும் பேசுங்கள். கீழக்கரை, ராமநாதபுரம், ராமேஸ்வரம் மூன்று இடத்திலும் விலை விசாரித்து வையுங்கள். வந்த பணத்தை அன்றைக்கே எல்லோரையும் உட்காரவைத்து, எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லி, ஊராட்சி முடிவு செய்தபடி காவலர்களுக்குப் பங்கு கொடுங்கள். எங்கள் ஊரில் ஒரு சமயம் இந்தப் பணம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது, அந்த ஆறு மாதமும் நல்ல பாட்டில் ஒன்றுகூடக் கொட்டகைக்கு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

உங்களுக்கு முன்னாலிருந்தே கரையில் பாட்டிலும் தகரமும் பொறுக்கிப் பிழைக்கிறவர்கள் இருப்பார்கள், வயதானவர்கள், புருஷன் இல்லாதவர்கள். அவர்களை விரட்டவேண்டாம். அவர்களையும் இந்த ஏற்பாட்டுக்குள் சேர்த்துக்கொள்ளத்தான் விதியும் சொல்கிறது. உங்கள் தராசில் எடை போட்டு அன்றன்றைக்குக் காசு கொடுங்கள், கடைக்காரர் கொடுப்பதைவிட ஒரு ரூபாய் கூடக் கிடைத்தால் உங்களிடமே வருவார்கள். கடற்கரையின் எந்த வளைவில் எந்த மாதம் என்ன ஒதுங்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி ஒரு பாட்டிதான்.

மூத்தவர்களிடம் எப்படி வேலை வாங்குவது என்று தயங்குகிறீர்கள். அக்கா, சித்தி, அண்ணே என்று முறை சொல்லியே பேசுங்கள், அதனால் உங்கள் பொறுப்பு குறையாது. வழித்தடம் போடும்போது அவர்களில் ஒருவரை முன்னால் உட்காரவைத்துக் கேளுங்கள். காலையில் டீ, குடிக்கத் தண்ணீர், பெண்களுக்குக் கழிவறை, சம்பளம் தேதிக்கு வருகிறதா என்று விரட்டுகிற வேலை, இதுவெல்லாம் மேற்பார்வைதான். யாராவது வீட்டு வாசலில் நின்று அவர்களைக் "குப்பைக்காரி" என்று கூப்பிட்டால் அந்த இடத்திலேயே நின்று பெயரைச் சொல்லுங்கள், "அவங்க பேரு இது, இந்தத் தெருவுக்குத் தூய்மைக் காவலர்" என்று. நான் அதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் என்னோடு மனம்விட்டுப் பேசினார்கள்.

பாதுகாப்பில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். வலை மூட்டைக்குள் தூண்டில் முள் இருக்கும், கெளிற்று மீன் முள் இருக்கும், சொறி (ஜெல்லிமீன்) ஒட்டியிருக்கும். நான் வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், துணிக் கையுறை போதும் என்று நினைத்துக் கொடுத்தேன், ஒரு அக்காவுக்கு உள்ளங்கையில் முள் ஏறி, சீழ் பிடித்து, ஒரு மாதம் வேலைக்கு வர முடியவில்லை. அந்த ஒரு மாதக் கூலிக்கு நான் அலைந்ததைவிட, அவர் பெண் பிள்ளை அந்த மாதம் பள்ளிக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டது தான் இன்றுவரை மனதில் கிடக்கிறது. வலைக்குத் தோல் கையுறை, வீட்டுக் குப்பைக்கு ரப்பர் கையுறை, ஆளுக்கு இரண்டு ஜோடி. டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஊசி, சிரிஞ்சுக்கு மூடியுள்ள கெட்டி டப்பா தனியாக. யார் சொன்னாலும், எவ்வளவு காசு கொடுத்தாலும், கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். 2013 சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, இறக்கியவர் சிறைக்குப் போகவேண்டியிருக்கும். அதற்கு முன்னால், இறங்கியவர் உயிரோடு ஏறமாட்டார்.

நோட்டில் தினமும் ஐந்து விஷயம் எழுதினால் போதும்: எந்தக் காற்று, எத்தனை படகு, இறங்குதளத்தில் எத்தனை கிலோ, வீட்டில் எத்தனை கிலோ, கடற்கரையில் எத்தனை கிலோ. கடைசி எண் குறைந்துகொண்டே வந்து அதற்கு முந்தின இரண்டு கிலோக் கணக்கும் கூடினால் வேலை சரியான வழியில் போகிறது. ஒரு வருட நோட்டு கையில் இருந்தால் ஒன்றியக் கூட்டத்தில் மூன்றாவது வண்டி கேட்க உங்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

வரும் செவ்வாய்க்கிழமை 5 மணிக்கு இரண்டு காவலர்களோடு, பத்து வலைச் சாக்கோடு இறங்குதளத்தில் நில்லுங்கள். முதல் நாள் நான்கு படகு வாங்கிக்கொண்டால் போதும்.